ஒரே பள்ளத்தில் கரண்ட் கேபிளும் ஃபைபரும்: செய்யக்கூடாதவை

தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு கேமரா வைக்க இப்போது பலரும் ஃபைபர், அதாவது ஒளி வழியாகத் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள், இழுக்கிறார்கள். தோண்டுகூலி மிச்சம் என்று மோட்டாருக்குப் போகும் கரண்ட் கேபிளையும் அதே பள்ளத்தில் போடுகிறார்கள். நான் வேலை பழகிய காலத்தில் நடந்த அதே தப்புகளைப் புதுப் பையன்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மெயினை ஆஃப் பண்ணுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

"கண்ணாடிதானே, கரண்ட் என்ன செய்யும்?"

இதைக் கேட்டாலே இன்னும் எனக்கு எரிச்சல் வரும். உள்ளே போவது ஒளி, பக்கத்தில் ஓடும் கரண்டால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது சரிதான். ஆனால் எலிக்குப் பயந்து நீங்கள் வாங்குவது ஆர்மர்டு ஃபைபர். இழையைச் சுற்றிக் கேபிளின் முழு நீளத்துக்கும் எஃகுத் தகடு இருக்கிறது. சிலவற்றில் நடுவிலும் எஃகுக் கம்பி. அதைப் புதைக்கும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் கம்பியையும் சேர்த்தே இழுத்துவிடுகிறீர்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூப்பிட்டார்கள். இரண்டு கேபிளையும் டை போட்டு ஒன்றாகக் கட்டிப் புதைத்திருந்தார்கள். ஃபைபரின் தகட்டை வீட்டுக்குள் கருவிகள் வைக்கும் இரும்பு ராக்கில் திருகி வைத்திருந்தார்கள். ராக்குக்கு எர்த் இல்லை. கரண்ட் கேபிளைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தையும் (ஆர்மர்) எர்த்தோடு சேர்க்கவில்லை. தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தபோது கடப்பாறை இரண்டு கேபிளின் தோலையும் கிழித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மழை பெய்து பள்ளம் ஊறியதும் ராக்கைத் தொட்ட வீட்டு அம்மாவுக்கு ஷாக். ஃபியூஸ் போகவில்லை, மோட்டார் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கிடையாது. உயிர் பிழைத்தது அந்த அம்மாவின் நல்ல நேரம். பள்ளம் முழுவதையும் திரும்பத் தோண்டி இரண்டு கேபிளையும் மாற்ற வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பல மடங்கு செலவு.

கேபிள் பழுதே இல்லாவிட்டாலும் இடி ஒன்று போதும். இடி இறங்கும் நேரத்தில் வீட்டு எர்த்தும் மோட்டார் ரூம் எர்த்தும் ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் தகடு வழியாக வந்து கருவிகளை எரித்துவிடும்.

அதனால் உலோகமே இல்லாத, எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) கம்பி வைத்த ஃபைபரைக் கேட்டு வாங்குங்கள். எலி கடிக்காமல் இருக்க அதை உள்ளே விட ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் இருக்கிறது. ஆர்மர்டு ஏற்கெனவே புதைந்துவிட்டதென்றால், கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே தகட்டை வெட்டி, இன்சுலேட் செய்து நிறுத்துங்கள், இல்லையென்றால் அங்கேயே முறையாக எர்த் செய்யுங்கள். ராக் வரை கொண்டுபோகவே கூடாது.

இடைவெளி

கரண்ட் கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255, கரண்ட் கேபிளுக்கும் தகவல் தொடர்புக் கேபிளுக்கும் நடுவே 30 செ.மீ. கேட்கிறது. எல்.டி. (குறைந்த வோல்டேஜ்) கேபிளின் மேல்பக்கம் 75 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். இது ஃபைபரைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இல்லை. ஃபைபர் அறுந்தால் நாளைக்கு ஒருவர் அங்கே கடப்பாறையோடு இறங்குவார். அவருக்கும் கரண்ட் ஓடும் கேபிளுக்கும் நடுவே மண் வேண்டும். கரண்ட் கேபிளைச் சுற்றி மணல், மேலே செங்கல் வரிசை, அதற்கும் மேலே எச்சரிக்கை டேப். ஃபைபர் குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடத்துங்கள்.

ஒரே பைப்புக்குள் இரண்டும்

கூடவே கூடாது.

டிராப் கேபிளை வெறும் மண்ணில் புதைப்பது

கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கவிடும் தட்டைக் கேபிள் அது. விலை குறைவு என்று மண்ணில் போடுகிறார்கள். கரையான், எலி, கல் எதையும் அது தாங்காது. பலவற்றில் எஃகுக் கம்பியும் இருக்கிறது, அதாவது மேலே சொன்ன பிரச்சினை இங்கேயும் உண்டு.

சாலையோரம் தோண்டுவதற்கு முன்

மத்திய அரசின் 'கால் பிஃபோர் யூ டிக்' ஆப் 2023 மார்ச்சிலிருந்து இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டு ஜே.சி.பி.யைக் கூப்பிடுங்கள்.

மூடுவதற்கு முன்

அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். கிணற்று மூலையிலிருந்தோ வீட்டு மூலையிலிருந்தோ எத்தனை அடி என்பது படத்தில் தெரிய வேண்டும். ஒரு பிரதியைத் தோட்டக்காரரிடமும் கொடுங்கள், கன்று வைக்கக் குழி எடுப்பவர் அவர்தான்.