அப்பாவின் தங்கவயல் சர்வீஸ் காகிதங்களை ஆர்டிஐ போட்டு வாங்குவது எப்படி

விடியற்காலையில் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிற கூட்டத்தில் நானும் பல வருஷம் வந்திருக்கிறேன். இப்போது கே.ஆர்.புரத்திலேயே குடியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு மைன்ஸுக்குத்தான் போகும். ஆனால் அப்பாவோட சர்வீஸ் பேப்பர் இருக்கா, கணக்கு முடிச்சப்ப எவ்வளவு கொடுத்தாங்கன்னு எழுத்துல இருக்கா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. அது எனக்கு ரொம்ப வருத்தம். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், மூலம் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுரங்கம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த இடம் அது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசிடம் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனமாச்சு, 1992இல் நலிந்த தொழில்களைப் பார்க்கும் பிஐஎஃப்ஆர் வாரியத்திடம் போனது, கடைசியில் 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறை உடைக்க வேண்டியிருந்தது, கல்லில் தங்கமும் குறைந்துகொண்டே வந்தது, அது உண்மை. ஆனாலும் நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்தது அரசு. அப்போது இருந்த தொழில் தகராறு சட்டம் 25-ஓ பிரிவின்படி, இவ்வளவு பெரிய சுரங்கத்தை மூட நிறுவனம் 90 நாள் முன்னாடியே அரசிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதாவது விண்ணப்பம் ஒன்று இருக்கும், உத்தரவு ஒன்று இருக்கும். நம் அப்பாக்களின் வேலையை முடித்துவைத்தது அந்தக் காகிதங்கள்தான், அதைக் கேட்டு வாங்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

முதலில் வீட்டில் தேடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் சரி. பணியாளர் எண், எந்தச் சுரங்கம் (சாம்பியன் ரீஃபா, நந்திதுர்க்கமா, மைசூர் மைனா), எந்தப் பிரிவு, சேர்ந்த வருஷம், லைன் வீட்டு (கம்பெனி குடியிருப்பு) எண், இவ்வளவும் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவையும், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்களையும் இப்போதே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் விண்ணப்பம். ஆர்டிஐ போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். "ஏன் மூடினீர்கள், ஏன் எங்களுக்குப் பணம் குறைத்தீர்கள்" என்று கேட்டால், இது தகவல் கேட்பது ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கே ஒரு அலுவலகத்திலிருந்து அப்படித்தான் பதில் வந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் இந்தச் சட்டம் தருவது கோப்பில் இருக்கிறதை மட்டும். அதனால் நகல் கேளுங்கள். "இன்ன பணியாளர் எண் கொண்ட இன்னாரின் சர்வீஸ் பதிவேட்டு நகல், பணி முடிவில் கொடுத்த தொகையின் கணக்குத்தாள் நகல், மருத்துவப் பரிசோதனைப் பதிவுகளின் நகல்" என்று ஒவ்வொன்றாக எண் போட்டுக் கேளுங்கள். மருத்துவப் பதிவை விட்டுவிடாதீர்கள். கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் வெளியே தெரியும், அப்போது பழைய எக்ஸ்ரே ஒன்று கையில் இருந்தால் பெரிய ஆதாரம்.

எங்கே போடுவது? மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் சுரங்க அமைச்சகத்தைத் தேர்ந்தெடுங்கள், கட்டணம் 10 ரூபாய். காகிதம் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஆர்டிஐ சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். மூடும் அனுமதி உத்தரவுக்கு மட்டும் தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தனியாகப் போடுங்கள். தமிழில் எழுதினால் ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி, நமக்கு அது கன்னடம். வீட்டுப் பிள்ளைகள் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். நிலம், பட்டா மாதிரி கர்நாடக அரசு அலுவலகத்தில் கேட்பதாக இருந்தால் விதி வேறு. அங்கே ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள்.

அப்பா இருந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழும் உங்கள் உறவுக்கான சான்றும் சேர்த்து அனுப்புங்கள். "தனிநபர் தகவல், தர முடியாது" என்று சொல்லக்கூடும். அதற்கு முன்கூட்டியே அதே சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிட்டுவிடுங்கள். 20 வருஷத்துக்கு முன் நடந்தவை பற்றிய தகவலுக்கு நாட்டுப் பாதுகாப்பு, நாடாளுமன்ற-சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதங்கள் என்ற மூன்று விலக்குகள்தான் பொருந்தும், தனிநபர் விலக்கு அந்த மூன்றில் இல்லை. 2001 கழிந்து 20 வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. இந்த ஒரு வரி தெரியாமல்தான் நம் ஆட்கள் முதல் பதிலிலேயே சோர்ந்து விடுகிறார்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். "பதிவேடு கிடைக்கவில்லை" என்று வந்தால் அதோடு விட வேண்டாம், அந்தப் பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேட்டு இன்னொரு 10 ரூபாய் விண்ணப்பம் போடுங்கள்.

சைனைட் மேடுகளில், அதாவது தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண்ணில், மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்க மாநில அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. வேலையும் நிலமும் பற்றிப் பேச்சு மறுபடி வரும்போது, எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் இங்கே உழைத்தது என்று மேசையில் வைக்க ஒரு தாள் வேண்டும். விண்ணப்பப் பதிவு எண்ணையும் வந்த பதில்களையும் பிரிண்ட் எடுத்து, சம்பளச் சீட்டோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.