வடதுருவ ஒளியைப் படம் எடுக்க: முதல் இரவுக்கான செய்முறை

வடதுருவ ஒளியை முதன்முறை படம் எடுப்பவர்களுக்குப் படம் வீணாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஃபோகஸ் மயிரிழை தவறியிருக்கும். இல்லையென்றால் ஷட்டர் தேவைக்கு மேல் திறந்திருக்கும். இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் பழைய கேமராவே நல்ல படம் தரும். கீழே சொல்வது நார்வேயின் ட்ராம்சோவை மனதில் வைத்து.

எப்போது போவது

செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை. மே நடுவிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு 1 மணி வரை வெளியே இருக்கத் தயாராகுங்கள். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைக் காட்டும், 0 முதல் 9 வரை போகும் கேபி எண் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. துருவத்தைச் சுற்றி இந்த ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே ட்ராம்சோ இருப்பதால் அங்கே 1, 2 இருந்தாலே போதும். உண்மையான தடை மேகம்தான். ஒளி தோன்றுவது சுமார் 100 கி.மீ. உயரத்துக்கு மேலே, மேகம் அதற்கு வெகு கீழேயே வானத்தை மூடிவிடும். அதனால் முதலில் மேக வரைபடத்தைப் பார்த்து, வானம் திறந்திருக்கும் பக்கம் வண்டியை விடுங்கள். ஸ்வீடனின் அபிஸ்கோவுக்குப் பலர் போவதும் இதற்காகத்தான்: சுற்றியுள்ள மலைகள் மேகங்களைத் தடுத்துவிடுவதால், அங்குள்ள ஏரியின் மேலே வானம் அடிக்கடி தெளிவாக இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

மேனுவல் மோடு உள்ள கேமரா, 14 முதல் 24 மி.மீ. வரையிலான எஃப் 2.8 லென்ஸ் (எஃப் என்பது லென்ஸின் திறப்பளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது), கனமான டிரைபாட், மூன்று பேட்டரிகள், சிவப்பு விளக்குள்ள ஹெட்லேம்ப். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறதா? 18 மி.மீ.யில், எஃப் 3.5இல் வையுங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரிகளைச் சட்டையின் உள்பைக்குள் வைத்திருங்கள். குளிரில் சட்டென்று இறங்கிவிட்ட பேட்டரியும் உடல் சூட்டில் கொஞ்சம் மீளும்.

லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பச்சை ஒளி 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வருகிறது. ஃபில்டர் கண்ணாடியின் இணையான இரு பரப்புகளுக்கிடையே அது பிரதிபலித்து, படத்தின் நடுவில் வளையம் வளையமாகக் கோடுகளைப் போட்டுவிடும். பிறகு கணினியில் அதை நீக்குவது பெரும்பாடு.

டிரைபாடைப் பனிமேல் அப்படியே வைக்காதீர்கள். கால்களை அழுத்தி, அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும் வரை இறக்குங்கள். இல்லையென்றால் ஷட்டர் திறந்திருக்கும்போதே கால் மெல்லப் புதையும், நட்சத்திரங்கள் கோடாகிவிடும். நடுக்கம்பை உயர்த்த வேண்டாம்.

ஃபோகஸ்: ஒளி வருவதற்கு முன்பே

ஆட்டோஃபோகஸை அணையுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரையும் அணையுங்கள். லென்ஸில் வெகு தூரத்துக்கான முடிவிலிக் குறியை (∞) நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுழலும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கபெல்லா, வேகா இரண்டும் ட்ராம்சோவில் மறைவதே இல்லை. லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், அதை 10 மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். வெள்ளை வட்டம் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும். இன்னும் திருப்பினால் மீண்டும் ஊதும். ஊசிமுனையாக இருந்த இடத்துக்கே திரும்பி வந்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஜூமை அசைத்தாலோ, மிரர்லெஸ் கேமராவை அணைத்துப் போட்டாலோ ஃபோகஸ் நழுவியிருக்கலாம். குளிர் ஏற ஏறவும் நகரும். அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

எக்ஸ்போஷர்

ரா ஃபார்மட் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பு), எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 விநாடி, வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) 3500 கெல்வின், இரண்டு விநாடி டைமர். இங்கிருந்து தொடங்குங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைந்திருக்கட்டும். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் இன்னொரு 8 விநாடி கேமரா கைக்கு வராது.

அடுத்தது, ஷட்டரை ஒளியின் வேகத்துக்கு ஏற்ப மாற்றுவது. அடிவானத்தில் அசையாத மங்கிய பட்டை என்றால் 10 முதல் 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200. திரைச்சீலை போல மடிப்பு விழுந்து நகர்கிறதென்றால் 3 முதல் 5 விநாடி. தலைக்கு மேல் சுழன்று ஆடும்போது 1 அல்லது 2 விநாடி. அந்தச் சீலையில் நெட்டுக்குத்தான மெல்லிய கதிர்கள் இருக்கும். அவை நகரும்போது 15 விநாடி திறந்து வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பச்சைப் புகையாகிவிடும். ஐஎஸ்ஓ ஏற்றியதால் வந்த புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம். கலைந்த கதிர்களை எதனாலும் மீட்க முடியாது. சீலையின் கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு தெரிந்தால், அது நைட்ரஜன் ஒளி. ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். உடனே ஷட்டரைக் குறையுங்கள்.

இருட்டில் திரை எப்போதும் பிரகாசமாகத் தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் பச்சை வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். முதலில் வலது ஓரத்தில் முட்டுவது அதுதான். முட்டினால் வெளிச்சம் அளவுக்கு மீறிவிட்டது.

வானத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிகிறது, மேகமா ஒளியா என்று சந்தேகம்: ஐஎஸ்ஓ 6400, 3 விநாடியில் ஒரு படம் எடுங்கள். மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பச்சை விழுந்தால் ஒளிதான்.

செல்பேசியில் எடுப்பவர்கள் நைட் மோடில், டிரைபாடில் பொருத்தி எடுங்கள். ஃபிளாஷை மட்டும் கட்டாயம் அணையுங்கள். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினாலே பக்கத்தில் நிற்பவர்களின் படத்தையும் கெடுத்துவிடும்.

பனியும் ஈரமும்

லென்ஸில் உறைபனி படிந்தால் வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரமும் அங்கேயே உறையும். கை சூடேற்றும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் லென்ஸைச் சுற்றிக் கட்டிவிட்டால் படியாது.

அறைக்குத் திரும்பும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலக் கேமராவும் வியர்க்கும், உள்ளேயும்தான். வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் பைக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அறைக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பையைத் தொட்டால் சில்லென்று படாதபோது திறக்கலாம்.