பெரியப்பாவின் மைனர் பிக்கப்: பழையதை எழுப்பும்போது விடுகிற பிழைகள்

முரசுமோட்டையில் பெரியப்பாவின் கொட்டிலுக்குள் நின்ற மொறிஸ் மைனர் பிக்கப் என் பொறுப்புக்கு வந்த கிழமையே, இரவல் ரயர் நாலைப் பூட்டி, முன்னால் கயிறு கட்டி, ட்ரக்டரால் இழுத்து ஸ்ராட் பண்ணப் பார்த்தவன் நான். ஒழுங்கையால் போன வயதான மெக்கானிக் ஒருவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து கயிற்றை அவிழ்த்தார். "தம்பி, இத்தனை வருசம் பாயில கிடந்த மனுசனை எழுப்பி உடன ஓடச் சொல்லுவியோ?"

நான் விட இருந்த அந்தப் பிழையைத்தான் வன்னியில் அதிகம் பேர் விடுகிறார்கள். வீட்டுக்கு வீடு ட்ரக்டரோ லாண்ட்மாஸ்ரரோ நிற்கிறது, இழுக்கிறது சுகம். ஆனால் நெடுநாள் ஓடாத என்ஜினில் பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு கறள் பிடித்து ஒட்டியிருக்கும், வால்வுகளும் இறுகியிருக்கும். ட்ரக்டருக்கு அது விளங்காது. இழுத்த இழுப்பில் வளையம் முறியும், சிலிண்டர் கீறுப்படும், வால்வைத் தள்ளுகிற தண்டு வளையும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை, பொறுமைதான் பெரிசு. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் என்ஜின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டு, மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்னால் செருகிச் சுற்றுகிற கைக்கம்பியைப் போட்டு, முழுச் சுற்றுச் சுற்றாமல், சுற்றுகிற திசையிலேயே ஒவ்வொரு இஞ்சியாய் அசைத்துப் பாருங்கள். எங்களுடையது ஐந்தாம் நாள் காலையில்தான் இளகியது. சத்தம் ஒன்றும் இல்லை, கைக்குள் ஒரு மெல்லிய வழுக்கல், அவ்வளவுதான். சுற்றத் தொடங்கியதும் மேல்மூடியைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மோட்டரால் சுழற்றலாம். தாங்கியில் கிடந்த பழைய பெற்றோல் அரக்கு மாதிரி இறுகியிருக்கும், அதை இறக்காமல் புதுசை மேலே ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாய்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதையும் குத்தி எடுக்க வேண்டும்.

பற்றைக்குள்ளோ வளவு மூலையிலோ வருசக்கணக்காய்க் கிடந்த வாகனம் என்றால், கை வைக்குமுன் அந்த நிலம் கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று விசாரியுங்கள். இருக்கைக்குக் கீழே இரும்புத் துண்டு என்னவாவது கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது பற்றரி. இந்த வயதுப் பிரித்தானிய வாகனங்களில் பொடியோடு சேர்வது பொசிற்றிவ் முனை. இன்றைய வாகனங்களில் நெகற்றிவ். இளம் மெக்கானிக்மாருக்கு இது கைப்பழக்கத்தில் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவரிடம் வயர் வேலைக்குக் கொடுத்தேன், அவர் நல்ல மனத்தோடு "பிழையாக் கிடந்ததைச் சரியாக்கிப்" போட்டுத் தந்தார். பழைய முறைக்குப் பூட்டியிருந்த கொயிலில் பிளக்கின் பொறி வலுவிழந்தது, டைனமோ தந்த மின்சாரமும் பற்றரிக்கு எதிர்த்திசையில் நின்றது. திரும்ப மாற்றி, டைனமோவுக்குத் திசை சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போனது. இப்போது போனற்றுக்கு உள்ளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்ஈடி பல்ப், போன் சார்ஜர் பூட்ட ஆசைப்படுகிறவர்களும் முதலில் அதை வாசிக்க வேண்டும்.

என்ஜின் வேலை செய்த சந்தோசத்தில் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். மைனரில் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்குள் ஒளித்திருக்கிறது. கண்ணில் படாததால் கையும் படுவதில்லை. ரப்பர்க் குழாய் வெளியே நல்லதாய்த் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்து நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். ரப்பர்களைப் பெற்றோலில் கழுவாதீர்கள், ஊதிப்போகும்.

முன்சில்லைத் தாங்குகிற புரியிட்ட முளைகளையும் பாருங்கள். கிறீஸ் காணாமல் கிரவல் ரோட்டில் ஓடினால் அந்தப் புரி தேய்ந்து, ஒரு நாள் சில்லு பக்கவாட்டில் மடியும். ஜக் அடித்துத் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் கிறீஸ் ஏற்ற வேண்டும். என்ஜின் பழுதென்றால் வண்டி நிற்கும். இது பழுதென்றால் பரந்தன் சந்தியில் சில்லில்லாமல் நிற்பீர்கள்.

இனி எனக்குப் பிடித்த சண்டைக்கு வருகிறேன். "ஒறிஜினலாக்கித் தாறன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த ஒறிஜினல்? இங்கிலாந்தில் 948 சீசீ என்ஜினோடு வெளியே வந்த நாளா, வன்னியில் அது ஓடிய காலமா?

பெரியப்பாவின் பிக்கப் 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியது. ஏ9 பாதை மூடிக் கிடந்து, பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலம். போனற்றுக்குள் ஒரு சின்னப் பால்மாத் தகரம், அதிலிருந்து மெல்லிய செப்புக்குழாய், ஒரு பித்தளைத் திருகு. தகரத்துப் பெற்றோலில் ஸ்ராட் ஆகும், சூடேறிய பிறகு திருகைத் திருப்பினால் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகையோடு, வயிற்றைப் புரட்டுகிற மணத்தோடு விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் நெல்லும் நோயாளியும் ஏற்றியது அப்படித்தான். கராஜில் முதல் கழற்றி எறிந்தது அந்தத் தகரத்தைத்தான், நான் குப்பையிலிருந்து பொறுக்கி வந்தேன்.

இங்கே இரண்டு பக்கமும் பிழை விடலாம். எறிவது ஒன்று, பாசத்தில் அப்படியே பாவிப்பது மற்றது. மைனரில் காபரேற்றருக்கு நேர் கீழே கொதிக்கிற புகைக்குழாய் இருக்கிறது. பழைய திருகில் பெற்றோல் ஒரு துளி கசிந்தாலே நெருப்பு. நான் குழாயின் இரு முனையையும் அடைத்து, எரிபொருள் வழியிலிருந்து பிரித்து, தகரத்தை அதே இடத்தில் அதே கம்பியால் கட்டி விட்டிருக்கிறேன்.

மண்ணெண்ணெய் விட்டுப் போன கெடுதி உள்ளேதான். எரியாமல் மிஞ்சியது சிலிண்டரால் வழிந்து ஒயிலை ஐதாக்கும், பிஸ்ரன் தலையில் கரி கட்டும். ஆகவே பழைய ஒயிலை வடித்துப் புதுசை ஊற்றி விடுவது போதாது. கீழ்த்தட்டைக் கழற்றி, வண்டலை வழித்து, ஒயில் உறிஞ்சுகிற வலையைக் கழுவுங்கள். புது ஒயில் பழைய வண்டலைக் கரைத்துக் கொண்டுபோய் அந்த வலையை அடைத்தால் பெயரிங்குகள் காயும். காபரேற்றரின் மேல் குமிழுக்குள் விடுவதும் மெல்லிய ஒயில்தான், கியர் ஒயில் அல்ல. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, ஈயமில்லாத பெற்றோல் பழைய வால்வு இருக்கைகளுக்கு மெல்ல மெல்லக் கெடுதி. ஆனாலும் அதற்காகவே என்ஜின் தலையைக் கழற்ற ஓடாதீர்கள். வேறு வேலைக்குக் கழற்றும் நாளில் கடினமான இருக்கை வளையம் போட்டால் போதும்.

டீசல் என்ஜின் மாற்றச் சொல்லி ஆலோசனை வரும். பாரம் கூடும், பிரேக் தாங்காது, பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் மாறும். இறந்தவர் பெயரில் உள்ள வாகனம் என்றால் கராஜுக்குக் காசு கொடுக்குமுன் புத்தகம், மரணச் சான்றிதழ், உரித்தாளிகளின் சம்மதம் மூன்றையும் ஒழுங்கு பண்ணுங்கள். இடப்பெயர்வில் புத்தகம் துலைந்திருந்தால் அந்த வேலையே முதல் வேலை. பாகம் கிடையாது என்ற கதையை நம்ப வேண்டாம். மைனரின் உடற்தகடுகளை இந்த நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், கொழும்பில் பழைய பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்தால் பாதி கிடைக்கும்.

பெயின்ரில் விடுகிற பிழையைத் திருத்தவே முடியாது. ஐப்பசி தொடங்கியபின் தகட்டை வெறுமையாய்ச் சுரண்டாதீர்கள், ஒரே இரவில் செங்கறள் பூக்கும். கறளுக்கு மேலே கற்றலோய் என்ற நிரப்பு பசையைப் பூசி மினுக்குவது புண்ணுக்குப் பவுடர். சுரண்டுமுன் ஒரு காலை வேளையில், வெயில் சரிந்து விழும்போது, கதவை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எங்கள் கதவில் மூன்று பூச்சுக்குக் கீழிருந்து பெரியப்பாவின் பெயர் மேடாய்த் தெரிந்தது, "முரசுமோ" வரைக்கும் ஊரும் தெரிந்தது. கையெழுத்துக்காரன் "ட்டை"க்கு இடம் காணாமல் கீழே இறக்கி எழுதியிருக்கிறான். அந்தக் கதவை நான் தேய்க்கவில்லை, மெழுகு போட்டதோடு சரி. சிங்கள "ஸ்ரீ" உள்ள இலக்கத் தகடும் அப்படியே இருக்கிறது. 1957, 58இல் அந்த எழுத்துக்கு எதிராகப் போராடிய ஊர்களில் அதே எழுத்தோடு இத்தனை வருசம் ஓடிய வண்டி என்பதும் அதன் குணத்தில் ஒரு பங்குதான்.

ஓடத் தொடங்கியதும் ஊரார் மூட்டையோடு வருவார்கள். எங்களுடைய மாதிரி கால் தொன் ரகம், அதாவது ஏறக்குறைய 250 கிலோ. நெல் மூட்டை மூன்றுக்கு மேல் ஏற்றினால் பின்ஸ்பிரிங் பட்டை முறியும். மாமா முறைக்காரருக்கும் அதே கணக்குத்தான்.

பின்பலகைத் தகட்டில் செல் துண்டு போன ஓட்டைகள் இரண்டு. 2010இல் திரும்பி வந்தபோது கொட்டிலுக்குக் கூரை இல்லை, பிக்கப் மட்டும் அந்த ஓட்டைகளோடு நின்றது. தகடு ஒட்டுகிற ரிங்கர் வெல்டிங் கம்பியோடு வந்து, அடைக்கவா விடவா என்று பெரியம்மாவைக் கேட்டார். அவ குந்தியிருந்து ஓட்டைக்குள்ளால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி வடிய வழி வேணுமல்லோ, விடுங்கோ" என்றா.

விளிம்புகளில் கறள் தடுக்கிற பூச்சைச் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தேன். போன மார்கழி மழைக்குத் தண்ணீர் அதனால்தான் வடிந்தது.