நாள் தள்ளிப்போனால் உடனே சொல்லிவிடு தங்கச்சி

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நாலு மாசம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பேர் போடும் வேலை நாள் குறைந்துவிடுமோ என்று பயம். இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏறினேன். கிளினிக்கில் பார்த்தால் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8 தான். 11-க்குக் குறையக் கூடாதாம்.

நீ அப்படி இருக்காதே. நாள் தள்ளிப்போனதும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி, 8 வாரத்துக்குள் பதிந்துகொள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடமும் சொல்லி, செங்குத்து இல்லாத தேயிலை நிரையாகக் கேள். படங்கை வயிற்றுக்கு மேலே தளர்வாகக் கட்டு. தண்ணீர்க் குடமும் விறகும் புருஷன் தூக்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை நான் பிளேன்டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் எதற்கும் பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்குமே. ஆனால் தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்தே நம் ரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு அழுகையே வந்தது. மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரில் குடி. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். கல்சியம் மாத்திரை வேறு வேளைக்கு. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது மாத்திரையால்தான்.

கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவைத் தேங்காய்ப்பூ, சீனி போட்டு உருண்டை பிடித்து நீயே சாப்பிடு. வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தால் உனக்கு மிஞ்சாது. வெற்றிலையில் புகையிலை வேண்டவே வேண்டாம்.

மனசைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் ஒரு சுவர் தள்ளி ஆள் இருக்கும், அழுதால் கேட்கும் என்று நான் கம்பளியைக் கடித்துக்கொண்டு அழுவேன். ஒருநாள் அடுத்த வீட்டுக் காம்பரா அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "ராத்திரி தூங்கலியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் தூங்கினேன். உனக்கும் அப்படி ஒரு ஆளைத் தேடிக்கொள். இரண்டு வாரமாகியும் மனசு தெளியாவிட்டாலோ, எப்போதாவது சாகலாம் போலத் தோன்றினாலோ, உடனே மிஸ்ஸிடம் சொல், அல்லது நம் இலங்கையின் மனநல உதவி எண் 1926-க்கு அழை.

ரத்தம் பட்டால், தலைவலியோடு கண் மங்கினால், முகம் வீங்கினால், பிள்ளை அசைவது குறைந்தால் விடியும்வரை பொறுக்காதே. 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கிளினிக் அட்டையைப் பையில் போட்டுக் கதவுப்பக்க ஆணியில் மாட்டி வை. கரண்ட் போன இருட்டிலும் கைக்கு எட்டும்.