சி டிரைவ் நிரம்பினால் கணினி ஏன் மெதுவாகிறது? கண்டறிந்து சரிசெய்யும் முறை

வன்தட்டு நிரம்பினால் கணினி மெதுவாகும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, டி டிரைவில் இருக்கும் குடும்பப் புகைப்படங்களையெல்லாம் அழித்துவிட்டு, வேகம் கொஞ்சமும் கூடவில்லையே என்று வருந்துபவர்கள் ஏராளம். விண்டோஸ் தன் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளச் சி டிரைவில் காலியிடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே இங்கே முக்கியம். பாதி நிரம்பிய டிரைவை மேலும் காலி செய்வதால் வேகம் கூடாது. ஏறத்தாழ முழுவதும் நிரம்பிவிட்ட டிரைவில் பத்து, இருபது ஜிபி இடத்தை விடுவித்தாலோ வேறுபாடு நன்றாகவே தெரியும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிற்கும் பொருந்தும் வகையில், கணினியில் அதிகப் பழக்கம் இல்லாதவரும் அச்சமின்றிச் செய்யக்கூடிய முறையைக் கீழே விளக்குகிறேன்.

படி 1: காலியிடத்தைப் பாருங்கள்

பணிப்பட்டையில் உள்ள மஞ்சள் நிற ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, இடப்பக்கத்தில் 'திஸ் பிசி' என்பதைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு டிரைவின் கீழும் ஒரு பட்டையும், எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். காலியிடம் பத்து விழுக்காட்டிற்குக் கீழே போனால் அந்தப் பட்டை சிவப்பாக மாறிவிடும்.

256 ஜிபி என்று சொல்லி விற்கப்பட்ட டிரைவை விண்டோஸ் 238 ஜிபி என்றும், 1 டிபி டிரைவை 931 ஜிபி என்றும் காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்காகவும் விண்டோஸ் 1024-இன் மடங்காகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது. இடம் எங்கும் தொலைந்துபோகவில்லை. 238 ஜிபி டிரைவில் 35 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தால், உங்கள் கணினியின் மந்தத்திற்குக் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. 10 ஜிபிக்கும் குறைவாக இருந்தால் இக்கட்டுரையின் எல்லாப் படிகளும் உங்களுக்குத் தேவைப்படும்.

படி 2: எந்த வகை டிரைவ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலச்சொடுக்கு செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே டிஸ்க் என்ற பெயருக்குக் கீழே அது எச்டிடியா எஸ்எஸ்டியா என்று குறிப்பிடப்பட்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்வது அவசியம். இரண்டு வகையும் நிரம்பும்போது மெதுவாகின்றன, ஆனால் வெவ்வேறு காரணங்களால் மெதுவாகின்றன. செய்ய வேண்டிய சிகிச்சையிலும் ஓரிடத்தில் வேறுபாடு வருகிறது.

எச்டிடி என்பது உள்ளே சுழலும் தட்டுகளைக் கொண்டது. மடிக்கணினிகளில் வரும் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. தேவையான இடம், தரவைப் படிக்கும் ஊசிமுனையின் கீழ் வந்து சேர்வதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையும் சரியான வட்டத்திற்கு நகர வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தால் ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 15 மில்லிவினாடி ஆகிறது. ஒரு கோப்பு தொடர்ச்சியான இடத்தில் இருந்தால் ஒரே ஒரு தாவல் போதும். காலியிடம் குறையக் குறைய, அந்த அளவுக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல், புதிய கோப்பைத் துண்டு துண்டாக்கி அங்கங்கே எழுத வேண்டிய நிலை விண்டோஸுக்கு ஏற்படுகிறது. பண்டிகை நெரிசலில் கடைசி நேரத்தில் ரயில் சீட்டு எடுத்த எட்டுப் பேர் கொண்ட குடும்பம், எஸ்3-இல் இருவர், எஸ்7-இல் மூவர் என்று பெட்டி பெட்டியாகச் சிதறிப் பயணம் செய்வதைப் போன்றது இது. சாப்பாட்டுப் பொட்டலத்தை எல்லோருக்கும் கொண்டு சேர்ப்பதற்குள் ஊரே வந்துவிடும். 300 துண்டுகளாகச் சிதறிய ஒரு கோப்பைப் படிக்கத் தாவல்களுக்கு மட்டுமே நான்கு வினாடிக்கு மேல் ஆகும் என்பதை மேற்சொன்ன கணக்கை வைத்து நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றில் அதிகத் தரவு அடங்கும், உள்வட்டத்தில் குறைவாகவே அடங்கும்; ஆகவே டிரைவின் கடைசிப் பகுதியில் எழுதப்படும் கோப்புகளைப் படிக்கும் வேகம் தொடக்கப் பகுதியின் வேகத்தில் கிட்டத்தட்டப் பாதிதான்.

எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி எதுவும் இல்லை, எனவே துண்டுகள் சிதறியிருப்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. அதன் சிக்கல் எழுதுவதில் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவதோ சிறிய பக்கங்களாக நடக்கிறது, அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக மட்டுமே நடக்கிறது. காலியிடம் தாராளமாக இருந்தால் டிரைவின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஓய்வு நேரத்தில் தொகுதிகளை அழித்துத் தயாராக வைத்திருக்கும். இடம் இல்லாதபோது, பயன்பாட்டில் உள்ள பக்கங்களை வேறிடத்திற்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, அதன் பிறகே உங்கள் கோப்பை எழுதும். நீங்கள் ஒருமுறை சேமிப்பது உள்ளே பலமுறை எழுதப்படுவதாகிவிடுகிறது. விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பல, தங்கள் காலியிடத்தின் ஒரு பகுதியையே வேகமான தற்காலிக எழுதுமிடமாகப் பயன்படுத்துகின்றன. டிரைவ் நிரம்பும்போது அந்த வசதியும் சுருங்கிவிடுகிறது. படிக்கும் வேகம் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை.

இரண்டு வகைக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கிறது, என் கருத்தில் அதுவே மிக முக்கியமானது. ரேம், அதாவது திறந்திருக்கும் செயலிகள் பயன்படுத்தும் நினைவகம், போதாதபோது விண்டோஸ் அதில் இருப்பவற்றில் ஒரு பகுதியைச் சி டிரைவில் உள்ள 'பேஜ்ஃபைல்' என்ற மறைந்த கோப்பிற்கு மாற்றி வைக்கிறது. தேவை கூடும்போது இக்கோப்பு வளர வேண்டும். சி டிரைவில் இடமில்லை என்றால் அது வளர வழியில்லை. நினைவகம் போதவில்லை என்ற எச்சரிக்கை வரும், திறந்திருக்கும் செயலி திடீரென மூடிக்கொள்ளும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இதை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கும் இதே நிலைதான்: விரித்து நிறுவ இடமில்லாமல் பாதியில் தோற்று, பிறகு மீண்டும் முயல்கிறது; அந்த நேரமெல்லாம் டிரைவ் ஓய்வின்றி இயங்குகிறது.

படி 3: பாதுகாப்பாக நீக்கக்கூடியவற்றை முதலில் நீக்குங்கள்

எதையும் அழிப்பதற்கு முன், இழக்கக்கூடாத ஆவணங்களையும் படங்களையும் வெளி டிரைவ் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்ற வரிசையில் சென்று 'டெம்ப்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறங்கள். விண்டோஸ் கணக்கெடுத்து முடிக்கச் சற்று நேரமாகும். வரும் பட்டியலில் தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் அப்டேட் மிச்சங்கள், டெலிவரி ஆப்டிமைசேஷன் கோப்புகள், தம்ப்நெயில்கள் ஆகியவற்றைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு வரிகளில் மட்டும் நிதானம் தேவை. ஒன்று, 'டவுன்லோட்ஸ்'. உங்கள் டவுன்லோட் ஃபோல்டரும் இப்பட்டியலில் இருக்கும்; அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ்கள், ரசீதுகள், விண்ணப்பங்கள் யாவும் போய்விடும். மற்றொன்று, விண்டோஸின் முந்தைய நிறுவல். இது பல ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் இதை நீக்கிவிட்டால் பழைய பதிப்பிற்குத் திரும்ப முடியாது. புதிய பதிப்பு ஒழுங்காக இயங்குகிறது என்று உறுதியான பிறகு நீக்குங்கள். அவசரமில்லை என்றால் விட்டுவிடலாம், வழக்கமாகப் பத்து நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

அடுத்து ரீசைக்கிள் பின். நீங்கள் அழித்த கோப்புகள் அதில் கிடக்கும் வரை காலியிடம் கூடுவதில்லை. உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

படி 4: பெரிய கோப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

சிறிய கோப்புகளைத் தேடித் தேடி அழிப்பது உழைப்பை வீணாக்கும். அதே ஸ்டோரேஜ் பக்கம், இடத்தை எந்த வகைக் கோப்புகள் பிடித்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டும், அதிலேயே தொடங்குங்கள். விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால், ஒவ்வொரு கோப்பின் அளவையும் வண்ணக் கட்டங்களாகப் பார்க்கலாம். பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு.

நம் வழக்கத்தில் இடம் அதிகம் போகுமிடங்கள் சில உண்டு. டெஸ்க்டாப்பில் வைப்பவை யாவும் சி டிரைவில்தான் சேர்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. திரையெங்கும் திருமணக் காணொளிகளை அடுக்கி வைத்திருக்கும் கணினிகளை எல்லா ஊர்களிலும் காணலாம். டெலிகிராம் போன்ற செயலிகள், பார்த்த காணொளிகளைத் தம் உள்ளிருப்பில் சேர்த்துக்கொண்டே போகின்றன. அவற்றின் செட்டிங்ஸில் அந்த இருப்பை அழிக்கும் வசதி உண்டு. ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுப்பவர்களுக்கு, பழைய பேக்கப் ஒன்றே பல பத்து ஜிபியாக இருக்கக்கூடும். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள், அந்த ஃபோல்டரில் வலச்சொடுக்கு செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் கோப்புகள் இணையத்தில் மட்டும் இருக்கும். கணினியில் இடம் விடுபடும்.

அழிக்க மனமில்லாத பெரிய கோப்புகளை வெளி டிரைவிற்கோ டி டிரைவிற்கோ மாற்றுங்கள். நகலெடுத்து, புதிய இடத்தில் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே பழையதை அழியுங்கள். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை நிரந்தரமாகவே டி டிரைவிற்கு மாற்ற விரும்பினால், அந்த ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'லொகேஷன்' என்ற பகுதி அதற்காகவே இருக்கிறது. டி டிரைவ் என்பது அதே தட்டின் மறுபகுதியாக இருந்தால் இந்த மாற்றம் காப்புநகல் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பயன்படுத்தாத செயலிகளை நீக்குவதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதியில் அளவின்படி வரிசைப்படுத்தினால் பெரியவை மேலே வரும். அவற்றை அங்கிருந்தே நீக்க வேண்டும், ஃபோல்டரைக் கையால் அழிக்கக்கூடாது.

தொடக்கூடாதவை

'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் எதையும் கையால் அழிக்காதீர்கள். பேஜ்ஃபைல், கணினியை 'ஹைபர்னேட்' செய்யும்போது ரேமில் இருப்பதைச் சேமித்து வைக்கும் ஹைபர்ஃபைல் ஆகிய மறைந்த கோப்புகள் பெரியவையாகத் தெரிந்தாலும் அவை வீண் சுமையல்ல. கணினியை ஒரே சொடுக்கில் பத்து மடங்கு வேகமாக்குவதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்களை நிறுவவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸிலேயே உள்ள வசதி செய்யாத பயனுள்ள வேலை எதையும் அவை பெரிதாகச் செய்வதில்லை. அவற்றுள் சில, வேண்டாத விளம்பரங்களைக் கூடவே அழைத்து வருகின்றன.

படி 5: இடம் விடுபட்ட பிறகு டிரைவை ஒழுங்குபடுத்துங்கள்

ஸ்டார்ட் மெனுவில் தேடி 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்பதைத் திறங்கள். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 'ஆப்டிமைஸ்' கொடுங்கள். எச்டிடியாக இருந்தால் சிதறிய துண்டுகள் ஒன்றுசேர்க்கப்படும். இவ்வேலை முழுமையாக நடக்கக் குறைந்தது 15 விழுக்காடு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதால்தான் இதை இறுதியில் வைத்தேன். எஸ்எஸ்டியாக இருந்தால் விண்டோஸ் துண்டுகளைச் சேர்க்கப் போகாமல், எந்தெந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று டிரைவிற்குத் தெரிவிக்கும் 'டிரிம்' கட்டளையை அனுப்பும். எஸ்எஸ்டிக்கு வேறு டிஃப்ராக் மென்பொருள் எதையும் பயன்படுத்த வேண்டாம். பயனின்றி எழுதி எழுதி அதன் ஆயுள்தான் தேயும்.

முடிந்ததும் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்கினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியின் காரணமாக விண்டோஸ் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. ரீஸ்டார்ட்டில்தான் அது நடக்கிறது.

படி 6: மறுபடி நிரம்பாமல் இருக்க

ஸ்டோரேஜ் பக்கத்தில் உள்ள 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியை இயக்குங்கள். தற்காலிகக் கோப்புகளையும், ரீசைக்கிள் பின்னில் முப்பது நாளுக்கு மேல் கிடப்பவற்றையும் அது தானே நீக்கும். அதற்குள்ளும் டவுன்லோட் ஃபோல்டருக்கான விருப்பம் இருக்கும். அது 'நெவர்' என்றே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் வேகம் கூடவில்லை என்றால்

டாஸ்க் மேனேஜரை மீண்டும் திறந்து பாருங்கள். 'மெமரி' எப்போதும் தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் கூட்டுவதே வழி. இடம் தாராளமாக இருந்தும், பெரிய வேலை எதுவும் நடக்காதபோதும் டிஸ்க் நூறு விழுக்காட்டிலேயே நிற்கிறது, பதிலளிக்கும் நேரம் நூற்றுக்கணக்கான மில்லிவினாடிகளாகக் காட்டுகிறது என்றால், டிரைவே பழுதாகத் தொடங்கியிருக்கலாம். எச்டிடியில் அத்துடன் கடகடவென்ற ஒலியும் கேட்டால் ஐயம் மேலும் வலுக்கிறது. அந்த நிலையில் டிஃப்ராக் செய்யவோ கோப்புகளை இடம் மாற்றி அடுக்கவோ முயலாதீர்கள். ஒவ்வொரு கூடுதல் இயக்கமும் டிரைவின் மிஞ்சிய ஆயுளைக் குறைக்கும். முக்கியமான கோப்புகளை மட்டும் உடனே வெளி டிரைவிற்கு நகலெடுத்துக்கொண்டு, கணினியை நிறுத்திவிட்டு, புதிய எஸ்எஸ்டி பொருத்துவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.