ரங்கூன் வீட்டில் கைக்குழந்தைக்குக் கொசு அண்டாத தூங்குமிடம்: படிப்படியான செய்முறை

வீட்டில் முதல் குழந்தை வரப்போகிறது என்றால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். ஆடும் நாற்காலி, பாட்டுப் பாடும் பொம்மை, பிளக்கில் சொருகும் கொசு மருந்து, இன்னும் என்னென்னவோ. வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கரண்ட் போனால் இது வேலை செய்யுமா? ரங்கூனில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வியே பாதிப் பட்டியலை அடித்துவிடும். ஃபேன் நின்றதும் கொசு வரும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது என்று ட்ரம்மில் தண்ணீர் பிடித்து வைப்போம், அந்தத் தண்ணீரிலேயே அடுத்த கொசுவும் வளரும். அதனால் மின்சாரம் வேண்டாத ஏற்பாடு எதுவோ அதற்குத்தான் முதலில் காசு போக வேண்டும்.

கொசுவலையும் தண்ணீர் ட்ரம்மும்தான் இந்தப் பதிவின் விஷயம். மே மாத நடுவில் மழை பிடிப்பதற்கு முன்பே செய்து முடித்துவிட்டால் ஆனி, ஆடியில் நிம்மதி. இங்கே டெங்குக் காய்ச்சல் உச்சத்துக்குப் போவது அந்த மாதங்களில்தான். 1970இல் ரங்கூனில் பெரிய அளவில் பரவியதிலிருந்து அது நம்மை விட்டுப் போகவே இல்லை.

படி 1: பகலில் குழந்தை எங்கே தூங்குகிறது என்று பாருங்கள்

கொசுவலை என்றாலே இரவுக்குத்தான் என்று நினைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் வெயில் ஏறும் வரையிலும், மாலையில் பொழுது சாயும் முன்பும் அதன் சுறுசுறுப்பு அதிகம். பிறந்த குழந்தையோ பகலில் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கும். ஆக இரவுப் படுக்கைக்கு வலை கட்டிவிட்டு, பகலில் தூளியில் சும்மா போட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

இரவில் கடிக்கும் கொசுக்களும் லேசுப்பட்டவை அல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இரவில் வருவது. அதற்கு 9 மாதத்தில் தடுப்பூசி உண்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்குவுக்குக் கைக்குழந்தைக்குப் போட ஊசி எதுவும் இல்லை, வலைதான் ஊசி.

சரி, ஒரு காகிதத்தில் குழந்தை தூங்கும் இடங்களை எழுதுங்கள். எங்கள் வீட்டில் மூன்று இருந்தன: முன்னறைத் தூளி, படுக்கையறைப் பாய், மாமியார் மடி. மடிக்கு வலை கட்ட முடியாது, மற்ற இரண்டுக்கும் முடியும்.

படி 2: வலை வாங்குவது

தெயின்ஜி சந்தையில் மூன்று வகை கிடைக்கும். நாலு மூலையிலும் கட்டும் பெட்டி வலை, மேலே வளையம் வைத்த வட்ட வலை, குடைபோல விரித்து மடக்கும் சின்னக் குடைவலை. பாய்க்குப் பெட்டி வலை, தூளிக்கு வட்ட வலை. குடைவலை பெகு, மோல்மேன் என்று ஊருக்குப் போகும்போது உதவும். வீட்டில் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

கடையில் வலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பதுதான் கொசுவலைக்கு வழக்கமான அளவு. நின்று எண்ண வேண்டியதில்லை, கண் ஒரே சீராக இருக்கிறதா, விரலால் இழுத்தால் நூல் விலகுகிறதா என்று பார்த்தால் போதும். நூல் விலகும் வலை நாலு சலவையில் கிழியும். அழகுக்காகச் சரிகை, பூவேலை வைத்துத் தைத்த குழந்தை வலைகளில் தையல் ஓரங்களைச் சோதியுங்கள், பூ வைத்த இடத்தில் ஓட்டை இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாடா, மணி, குஞ்சம் உள்ளே தொங்கும் வலை வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும், வாயில் போகும்.

மருந்து தோய்த்த வலை கிடைத்தால் வாங்கலாம், குழந்தைக்குப் பாதுகாப்பானதுதான். பிரித்த உடனே கட்டாமல் 24 மணி நேரம் நிழலில் காற்றாட விட்டுப் பிறகு கட்டுங்கள். மருந்தில்லாத சாதா வலையும் ஒழுங்காகச் சொருகினால் நன்றாகவே காக்கும்.

படி 3: தூளிக்கு வலை கட்டுவது

கொஞ்சம் மெனக்கெட வேண்டிய படி இது. தூளி மேல் வலையைச் சும்மா போர்த்தினால் துணி குழந்தையின் மேல் ஒட்டும், கொசு வெளியே உட்கார்ந்து வலை வழியாகவே கடிக்கும். காற்றோட்டமும் குறையும். வலைக்கும் தூளிக்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

வேண்டியவை: வட்ட வலை ஒன்று, தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுமார் 4 மீட்டர், குழாய் முனைகளை இணைக்க ஒரு இணைப்பு, பருத்தி நாடா, பழைய சேலைத் துண்டு, உறுதியான கயிறு.

முதலில் தூளியை அவிழ்த்து உத்தரத்துக் கொக்கியைச் சோதியுங்கள். பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும். பழைய கட்டடங்களில் இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு வலையின் உச்சியை அதே கொக்கியில், தூளிக் கயிற்றின் முடிச்சுக்கு மேலே கட்டுங்கள். அப்போதுதான் கயிறு முழுவதும் வலைக்குள் இருக்கும். முடிச்சுக்குக் கீழே கட்டினால் கயிறு நுழையும் ஓட்டை வழியாகக் கொசு இறங்கும், தூளி ஆடும்போது வலையும் கூடவே ஆடிக் கிழியும்.

அடுத்து குழாயை வளைத்து முனைகளை இணைத்தால் ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் கிடைக்கும். அதை வலைக்கு வெளியே, தூளியின் உயரத்துக்குச் சற்று மேலே வருமாறு மூன்று கயிற்றால் கொக்கியிலிருந்து தொங்கவிடுங்கள். இனி வலையை வெளிப்பக்கமாக இழுத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாக நாடா வைத்து வளையத்தோடு தைத்துவிடுங்கள். கயிறு, நாடா எல்லாம் வெளியே இருக்கும், குழந்தையின் கைக்கு எட்டாது. தூளியும் எதிலும் உரசாமல் ஆடும். ஆட்டுவது என்றால் ஒரு சாண் இரண்டு சாண் அசைவு, ஊஞ்சல் விடுவதல்ல.

பழைய வீடுகளில் கூரை உயரம், வலை தரைக்கு எட்டாது. குறைகிற அளவுக்குச் சேலைத் துண்டை ஓரத்தில் சேர்த்துத் தையுங்கள். அரை முழம் தரையில் புரளட்டும், அதன்மேல் பாயைச் சுருட்டி வைத்தால் காற்றில் தூக்காது.

தூளியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கழுத்து நிற்காத குழந்தை தூளியில் மடங்கிப் படுத்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குச் சிரமமாகலாம். அதனால் ஆள் பக்கத்தில் இருந்து பார்க்கும் பகல் நேரத்துக்கு மட்டும் தூளி. உள்ளே ஒரு குறுக்குக் கட்டை போட்டால் துணி இருபக்கமும் நெருக்காது. குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிட வேண்டும்.

படி 4: இரவுப் படுக்கை

சமமான, அழுத்தினால் குழியாத மெத்தை. மல்லாந்த நிலை. தலையணை, பக்கத்தில் அணைக்கும் உருளை, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வரவேண்டும் என்று இலவம்பஞ்சுத் தலையணை தைத்துக் கொடுப்பார்கள், வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வயதுக்குப் பிறகு உதவும்.

பெட்டி வலையின் நாலு மூலையையும் இழுத்துக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் சொருகுங்கள். தொய்வு இருந்தால் குழந்தை உருண்டு போய் வலைக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சொருகியதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு கொசு உள்ளே மாட்டியிருந்தால் வலையே இல்லாததைவிட மோசம்.

குடைவலையை இங்கே போட வேண்டாம் என்றேன் அல்லவா? கை கால் பலமாக உதைக்கும் குழந்தை அதைக் கவிழ்த்துத் தன்மேல் போட்டுக்கொள்ளும். ஆள் பார்த்துக்கொண்டே இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அது.

படி 5: தண்ணீர் வைக்கும் பாத்திரங்கள்

ஏடிஸ் சாக்கடையில் வளரும் கொசு அல்ல, வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை என்று ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை, வீடு கழுவும் நாளோடு சேர்ந்துவிடும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். திரும்பத் தண்ணீர் ஏறியதும் பொரியும். உள்சுவரைச் சொரசொரப்பான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி ஊற்றுங்கள்.

ட்ரம்முக்கு மூடி பொருந்தவில்லை என்றால் துணி போட்டுச் சுற்றிலும் ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். கழுவவே முடியாத பெரிய தொட்டிக்கு, கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து கலந்த அபேட் மணல் இருக்கிறது. ஒரு சதவீத மணல் என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம், 200 லிட்டர் இரும்பு ட்ரம்முக்கு 20 கிராம். இந்த அளவில் குடிதண்ணீரிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் குழந்தையின் பாலுக்கும் கஞ்சிக்கும் எடுக்கும் தண்ணீரைத் தனியாக, சின்னப் பாத்திரத்தில் மூடி வைப்பது என் வழக்கம்.

மறந்துபோகும் இடங்கள்தான் உண்மையான தொல்லை. ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்களுக்கு வைக்கும் கிண்ணம், அதில் ஒரு கைப்பிடி உப்பு போட்டுவிடுங்கள். பாட்டிலில் வளர்க்கும் மணிபிளான்ட். சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் சொம்பும் பூச்சாடியும். பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தின் புத்தர் பீடத்திலும் பூச்சாடிகள் உண்டு. ஏடிஸ் வெகுதூரம் பறக்காது, சுவர் தாண்டி வரும். அவர்களிடம் போய்க் குறை சொல்வதைவிட, நம் வீட்டில் தேய்க்கும் நாளில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று பேசினால் விஷயம் தானாக நடக்கும்.

படி 6: புகையும் பூச்சும்

இதில்தான் வீட்டுப் பெரியவர்களோடு உரசல் வரும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. குழந்தை தூங்கும் மூடிய அறையில் அது வேண்டாம். வாசலுக்கு வெளியே, வராந்தாவில் வைப்பது வேறு விஷயம்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது நம் பழக்கம். வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனால் புகை புகைதான், பிஞ்சு நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டில் செய்துகொண்ட சமரசம்: குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய், புகை போட்டு, ஜன்னல் திறந்து காற்றோடிய பிறகு உள்ளே கொண்டு வருவது. கற்பூரத்தைத் தொட்டிலில் முடிந்து வைப்பதில் சமரசமே கிடையாது. குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

தோலில் தடவும் கொசு மருந்து இரண்டு மாதத்துக்குள் எதுவும் கூடாது. அதற்கு மேல் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்ததை அளவாக, கையிலும் கண், வாய் பக்கத்திலும் படாமல் தடவலாம். யூகலிப்டஸ் எலுமிச்சை எண்ணெய் கலந்தவை மூன்று வயது வரை வேண்டாம். தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசினால் கொசு வராது என்ற நம்பிக்கையில் வலையைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். கை கால் மூடிய வெளிர்நிறப் பருத்திச் சட்டை நல்லது.

படி 7: காய்ச்சல் வந்துவிட்டால்

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் எந்தப் பருவமானாலும் உடனே டாக்டரிடம். பெரிய குழந்தைக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் பொட்டலமாகக் கலந்து தரும் மாத்திரைகளை வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

காய்ச்சல் இறங்கியதும் தப்பித்தோம் என்று தோன்றும். டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். விடாத வாந்தி, தொட்டாலே அழும் வயிறு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கை கால், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாக நனையாத துணி. இதில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அம்மாவுக்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் மாதங்களில் காக்கும், அது குறைந்துவரும் ஆறாம் மாதத்துக்குப் பக்கத்தில் நோயைக் கடுமையாக்கவும் கூடும்.

படி 8: வலையைப் பராமரிப்பது

மருந்து வலையைச் சாதா சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டு மெதுவாகக் கசக்கி, நிழலில் உலர்த்துங்கள். பிளீச் கூடாது, வெயில் மருந்தைக் கெடுக்கும். அடிக்கடி துவைத்தாலும் மருந்து போகும், சுமார் 20 சலவை தாங்கும். ஓட்டை விழுந்தால் அன்றைக்கே ஊசி நூலால் இழுத்துத் தைத்துவிடுங்கள்.

இனி தைக்க முடியாது என்ற நிலைக்கு வந்த வலையில் நல்ல பகுதிகளை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சாதா வலை என்றால் ட்ரம் மூட இரண்டாக மடித்துத் தைக்கலாம். மருந்து வலை என்றால் தண்ணீர்ப் பக்கமோ சாப்பாட்டுப் பக்கமோ கொண்டுபோகாமல், பின்பக்க ஜன்னலுக்கு ஆணியடித்துவிடுங்கள்.