அகராதித் தேடலில் சொல் சிக்க வேண்டுமானால்

இணைய அகராதியில் ஒரு சொல்லை இட்டு ஒன்றும் வரவில்லையென்றால், அந்தச் சொல்லே அதில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூலில் சொல் நிற்கும் வடிவம் வேறு, அகராதி அதைப் பதிந்திருக்கும் தலைச்சொல் வேறு. தேடல் பெட்டிக்குப் போகும் முன்பே பாதி வேலை இருக்கிறது.

பெயர்ச்சொல் எளிது. வேற்றுமை உருபைக் கழற்றி, மிஞ்சுவதை இயல்பான வடிவத்துக்குத் திருப்பினால் போதும்: மரத்தை என்பது மரம், வீட்டில் என்பது வீடு, ஆற்றில் என்பது ஆறு.

வினைச்சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இறந்தகால வடிவின் நடுவிலுள்ள மெய்களைப் பாருங்கள். 'ன்ற்' இருந்தால் ல், ன் இரண்டையும் முயலுங்கள்: சென்றான் – செல், தின்றான் – தின். 'ண்ட்' இருந்தால் ள், ண்: கொண்டான் – கொள், உண்டான் – உண். 'ற்ற்' வந்தால் ல் அல்லது று: கற்றான் – கல், பெற்றான் – பெறு. 'ட்ட்' வந்தால் ள் அல்லது டு: கேட்டான் – கேள், விட்டான் – விடு. அப்போதும் சிக்காவிட்டால் முதலெழுத்தை நெடிலாக்குங்கள்: கண்டான் – காண், வந்தான் – வா.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) வினைகளைத் தல், த்தல் ஈறுகளோடு பதிகிறது. உடைதல், உடைத்தல் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். 'உடைந்தது' என்று படித்தால் முன்னதையும், 'உடைத்தது' என்று படித்தால் பின்னதையும் திறக்க வேண்டும். மாற்றித் திறந்தால் பொருளும் மாறிப்போகும்.

புணர்ந்த சொற்களைப் பிரித்துத் தேடுங்கள். பொற்குடத்தில் பொன், கற்சிலையில் கல், முட்செடியில் முள், திருவருளில் திரு, அருள். எங்கே பிரிப்பது என்று தெரியாதபோது, முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் இட்டு 'இவ்வெழுத்தில் தொடங்குபவை' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண ஐயமிருந்தால் எல்லா வடிவங்களையும் இட்டுப் பார்ப்பதே வழி.

எழுத்துகள் கண்ணுக்குச் சரியாக இருந்தும் தேடல் தோற்றால் கோளாறு குறியேற்றத்தில், அதாவது எழுத்துகள் கணினியில் பதிவாகும் முறையில், இருக்கலாம். 'கௌ' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். ஸ்ரீ என்ற எழுத்தும் யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த சொல்லில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அதை அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

கணினி போன்ற புதுச்சொற்களைப் பேரகராதியில் தேடிப் பயனில்லை, அது அச்சான பிறகு பிறந்தவை அவை. தமிழ் விக்சனரியையோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பையோ நாடுங்கள். பழைய சொல்லானால் பேரகராதிதான் சரி. ஆனால் முதல் பொருளோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்திலுள்ள மேற்கோள் குறுக்கத்தையும் பாருங்கள். 'பிங்.', 'திவா.' என்று மட்டும் இருந்தால் அது பிங்கலம், திவாகரம் ஆகிய நிகண்டுகள் (செய்யுள் வடிவிலான பழைய சொற்பொருள் நூல்கள்) தரும் பொருள். செய்யுளில் அந்தப் பொருள் உண்மையிலேயே ஆளப்பட்டிருக்கிறதா என்பதைத் தனியே சரிபார்த்த பிறகே எடுத்தாளுங்கள்.